நாலு ஜிபி ரேமும் என் பில்லிங் சாப்ட்வேரும்

“தம்பி, பழசு டபுள் கிளிக் பண்ணிட்டுக் கையை எடுக்கிறதுக்குள்ள வந்து நிக்கும். உங்களுது வர்றதுக்குள்ள ரெண்டு பேருக்குத் துண்டுச் சீட்டுல கணக்கு எழுதிக் கொடுத்துட்டேன்.”

நான் எழுதிக்கொடுத்த பில்லிங் சாப்ட்வேரைப் பற்றி ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி சொன்னது இது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொன்ன கையோடு பையனை அனுப்பி எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

காலை ஏழு மணி. பாலும் முட்டையும் வாங்க வருகிற கூட்டம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஊதுபத்திப் புகை படிந்த மானிட்டர், கீழே அரிசி மூட்டையின் மறைவில் சிபியு. 4 ஜிபி ரேம், சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். என் ஒரே சாப்ட்வேரின் பெயரில் ஐந்து வரிகள். கூட்டிப் பார்த்தால் 400 எம்பியைத் தாண்டியது. கூடவே ஆன்டிவைரஸ் ஓடுகிறது, அண்ணாச்சி மகன் திறந்து வைத்த யூடியூப் ஓடுகிறது. டிஸ்க் 100 சதவீதத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. முழுசாகத் திறக்க முக்கால் நிமிஷம். அரைக் கிலோ துவரம் பருப்புக்குப் பில் போட!

அந்த முக்கால் நிமிஷம் எங்கே போகிறது என்று தெரியாதவர்களுக்கு: அதை நான் எலெக்ட்ரானில் எழுதியிருந்தேன். 2013-இல் கிட்ஹப் நிறுவனத்தில், புரோகிராம் எழுத உதவுகிற ஆட்டம் என்ற எடிட்டருக்காகத் தொடங்கியது அது. முதலில் ஆட்டம் ஷெல் என்று பெயர், 2015-இல் எலெக்ட்ரான் ஆனது. வெப்சைட்டுக்கு எழுதுகிற அதே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டில் ஆப்பை எழுத வேண்டியது. கூடவே ஒரு முழு குரோமியம் பிரவுசரையும் (குரோமுக்கு அடிப்படை இதுதான்), ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டுகிற நோட்.ஜேஎஸ்ஸையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட வேண்டியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உள்ளே இருப்பது பிரவுசர் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது, ரேமுக்குத் தெரியும். ஸ்லாக், டிஸ்கார்ட், சிக்னல் டெஸ்க்டாப், விஎஸ் கோட் எல்லாம் இந்த வகையறாதான். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குரோமியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. தெருக்குழாயில் தண்ணீர் வரும்போதே வீட்டுக்கு வீடு போர் போடுகிற கதை. சும்மா ‘வணக்கம்’ என்று காட்டுகிற ஆப்புக்கே டிஸ்க்கில் 200 எம்பி பக்கம் போய்விடும்.

தெரிந்தும் ஏன் அதில் எழுதினாய் என்று கேட்பீர்கள். முதல் காரணம் தமிழ்.

அந்தக் கடையில் ஓடிக்கொண்டிருந்த பழசு, விஷுவல் பேசிக் 6-இல் யாரோ எழுதிக்கொடுத்தது. விபி 6 வந்தது 1998-இல். அதன் டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் லேபிளுக்கும், எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற யூனிகோட் தெரியாது. தமிழைப் போட்டால் வரிசையாகக் கேள்விக்குறி. அதனால் அன்றைக்கு எல்லோரும் செய்ததையே அவரும் செய்திருந்தார்: பாமினி எழுத்துரு. டேட்டாபேஸைத் திறந்தால் சரக்குப் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். பாமினி இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது துவரம் பருப்பு. ஜிஎஸ்டி கணக்குக்காக அதை எக்செல்லில் போட்டு அனுப்பினால் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும்.

பிரவுசரில் இந்தத் தொல்லையே கிடையாது. குரோமியத்துக்குள் இருக்கிற ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் கொம்பையும் காலையும் வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடும். நான் ஒரு வரிகூட எழுத வேண்டாம். இதற்கு முன்னால் பைத்தானில் டிகே என்ற திரை அமைக்கிற கருவியை வைத்து லினக்ஸில் ஒரு சின்ன ஸ்கிரீன் செய்து பார்த்திருக்கிறேன். கொத்தமல்லியின் கொம்பு எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

அகர வரிசையும் அப்படித்தான். யூனிகோடில் ள-வுக்கு அடுத்த எண்ணில் ழ இருக்கிறது. அந்த எண்ணை வைத்து அடுக்கினால் புளி முன்னாலும் புழுங்கல் அரிசி பின்னாலும் வரும். நாம் படித்த வரிசையில் ழ-தான் முதலில். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென்றே கொலேட்டர் என்று ஒன்று கையோடு கிடைக்கிறது. ஒரே வரி, புழுங்கல் அரிசி தன் இடத்துக்குப் போய்விட்டது. அண்ணாச்சி கவனித்தாரா என்றால் இல்லை. எனக்கு மட்டும் அன்றைக்கு நல்ல தூக்கம்.

அப்புறம் பிரிண்டர். கடைகளில் இருக்கிற தெர்மல் பிரிண்டர் பலவற்றுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. பில்லைப் படமாக வரைந்து புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். மூன்று அங்குலத் தாளுக்குக் குறுக்கே 576 புள்ளி. பிரவுசரில் படம் வரைய இருக்கிற கேன்வாஸில் வரைந்து அனுப்பினேன், ஒரு சாயந்திரத்தில் வேலை முடிந்தது. ‘மிளகாய்த்தூள் 100 கி’ என்று கறுகறுவென்று அச்சாகி வந்த முதல் சீட்டை அண்ணாச்சி கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது காரணத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஜாவாஸ்கிரிப்ட்தான் சரளமாக வரும். சி++ மொழியில் ஆப் எழுதுகிற கியூட்டி (Qt) என்ற கருவியிலும் தமிழ் ஒழுங்காக வரும். டெலிகிராம் டெஸ்க்டாப் அதில் எழுதியதுதான், அது திறக்கிற வேகத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஆனால் அண்ணாச்சி பேசிய தொகைக்கு நான் சி++ கற்றுக்கொண்டு எழுதுவதென்றால் அவர் பேரனுக்குத்தான் டெலிவரி கொடுக்க முடியும்.

“எல்லாவற்றையும் நேட்டிவ்வில் எழுது” என்று சொல்கிற நண்பர்கள் உண்டு, அதாவது பிரவுசர் நடுவில் இல்லாமல் அந்தந்த சிஸ்டத்துக்கென்றே இருக்கிற கருவியில். எந்த நேட்டிவ் என்று கேட்டால் பேச்சு நீளும். விண்டோஸில் வின்32, எம்எஃப்சி, வின்ஃபார்ம்ஸ், 2006-இல் டபிள்யூபிஎஃப், பிறகு சில்வர்லைட், விண்டோஸ் 8-ஓடு வின்ஆர்டி, 10-ஓடு யூடபிள்யூபி, 2021-இல் வின்யூஐ 3. ஒவ்வொன்றும் வந்தபோது இதுதான் இனிமேல் என்றார்கள். இதற்கு நடுவே மைக்ரோசாப்டே தன் டீம்ஸை எலெக்ட்ரானில் எழுதியது. 2023-இல் புது டீம்ஸ் வந்தபோது மெமரி பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். அதுவும் வெப்தான், குரோமியத்தைத் தனியாகச் சுமக்காமல் விண்டோஸிலேயே இருக்கிற வெப்வியூ2 என்ற பிரவுசர் பகுதியைப் பயன்படுத்துகிறது, அவ்வளவு. வாட்ஸப் இன்னும் வேடிக்கை. எலெக்ட்ரானில் இருந்தது, 2022-இல் விண்டோஸுக்கென்றே தனியாக எழுதினார்கள், 2025-இல் அதை விட்டுவிட்டுத் திரும்பவும் வெப்வியூ2-வுக்கே வந்துவிட்டார்கள். அவ்வளவு காசு வைத்திருக்கிறவர்களுக்கே இந்த நிலைமை.

சரி, வெப்பில் எழுதினாலே மந்தம்தானா? இங்கேதான் எனக்கு இரண்டு பக்கத்து ஆட்களோடும் சண்டை. ஆட்டம், விஎஸ் கோட் இரண்டும் எலெக்ட்ரானில் எழுதிய எடிட்டர்கள். ஆட்டம் வெளிவந்த புதிதில் 2 எம்பிக்கு மேல் உள்ள ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்றது. எலெக்ட்ரானே அதற்காகப் பிறந்தது, ஆனாலும் 2022 டிசம்பரில் அதற்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். 2015-இல் வந்த விஎஸ் கோட் இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் ஓடுகிறது.

விஎஸ் கோட் குழு 2018-இல் எழுதிய ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். யாரோ ஒருவர் 35 எம்பி ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று புகார் சொல்கிறார். பார்த்தால் அதில் 1 கோடியே 37 லட்சம் வரிகள். எடிட்டர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆப்ஜெக்ட் வைத்திருந்தது. ஆப்ஜெக்ட் ஒன்றுக்கு 40, 60 பைட்தான், ஆனால் மொத்தமாகச் சேர்ந்து 600 எம்பி. நாமாக இருந்தால் உடனே சி++-க்கு ஓடியிருப்போம். அவர்களும் அதை யோசித்திருக்கிறார்கள். ஆனால் ஜாவாஸ்கிரிப்டுக்கும் சி++-க்கும் நடுவே வரிகளை மாற்றி மாற்றி அனுப்புவதற்கே நேரம் போகிறது என்று பார்த்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்டிலேயே இருந்துகொண்டு டெக்ஸ்டை வைத்திருக்கிற அமைப்பை மட்டும் மாற்றினார்கள். மூல டெக்ஸ்டை அப்படியே பெரிய துண்டுகளாக விட்டுவிட்டு, எந்தத் துண்டு எங்கே என்பதை மட்டும் ஒரு மரத்தில் வைப்பது. மெமரி ஃபைலின் அளவுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. இன்னொரு பக்கம், ஆட்டத்தை உருவாக்கியவர்களே பிறகு ரஸ்ட் மொழியில் செட் (Zed) என்று புது எடிட்டர் எழுதினார்கள். திரையில் வரைவதைக்கூட ஜிபியு என்ற கிராபிக்ஸ் சிப்பில் நேரடியாகச் செய்கிறார்கள். இரண்டு வழியிலும் உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள்.

நான் அப்படி உட்காரவில்லை. என் லேப்டாப்பில் 16 ஜிபி ரேம், சுழலாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி. அங்கே என் சாப்ட்வேர் இரண்டு விநாடியில் திறந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக் கம்ப்யூட்டரில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே, “ஒரு எஸ்எஸ்டி போட்டுருங்கண்ணாச்சி, சரியாயிடும்” என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எனக்கு மூன்று மாத வேலை மிச்சம். அதற்குப் பதிலாக ரேமும் டிஸ்க்கும் நேரமும் கொடுப்பது அவர். இந்தக் கணக்கில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எலெக்ட்ரான் மேல் எனக்கு உள்ள புகார் இதுதான்: செலவு குறையவில்லை, என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் போகிறது, எனக்கோ அது கண்ணில் படுவதே இல்லை.

பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பிரவுசரில் ஒரு திருட்டு ஸ்கிரிப்ட் புகுந்தால் அந்தப் பக்கத்தோடு போகும். எலெக்ட்ரானில் அலட்சியமாக எழுதினால் அதே ஸ்கிரிப்ட்டுக்கு உங்கள் ஃபைல்கள் வரைக்கும் கை நீளும். 2018-இல் சிக்னல் டெஸ்க்டாப்பிலேயே மெசேஜ் வழியாக இப்படி ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள், உடனே அடைத்தும்விட்டார்கள். எலெக்ட்ரானும் பிறகு படிப்படியாகக் கதவுகளைச் சாத்திவிட்டது. 2023 செப்டம்பரில் வந்தது வேறு மாதிரி. வெப்பி (WebP) என்ற வகைப் படங்களைப் பிரித்துப் படிக்கிற நூலகத்தில் ஒரு பெரிய பிழை. குரோம் தன்னைத் தானே அப்டேட் செய்துகொண்டது. ஆனால் தனித்தனி குரோமியம் வைத்திருக்கிற ஆப்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அப்டேட் ஆக வேண்டும். அன்றைக்கு என்னைப் போல ஒருமுறை செய்து கொடுத்துவிட்டுப் போனவர்களின் ஆப்கள் எத்தனை கடைகளில் அப்படியே கிடந்தனவோ.

பிறகு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய 4 ஜிபி கம்ப்யூட்டர் ஒன்றை இரவல் வாங்கி என் மேஜையில் வைத்தேன். சங்கதி உடனே தெரிந்தது. மற்றவர்கள் எழுதியதை நான் இழுத்துப் போட்டிருந்த பேக்கேஜ்கள் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களாகக் கிடந்தன. சுழல்கிற டிஸ்க் ஒவ்வொன்றையும் தேடிப் போகிறது, ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் நிறுத்தி விசாரிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகச் சேர்த்தேன். கடையின் மொத்தச் சரக்கையும் எடுத்த எடுப்பில் திரையில் கொட்டியிருந்தேன். கண்ணுக்குத் தெரிகிற முப்பது வரியை மட்டும் வரையும்படி மாற்றினேன். ஸ்டாக் ரிப்போர்ட்டும் வரைபடமும் கேட்டால் மட்டும் வரும்.

எலெக்ட்ரானை விட்டுவிட்டு டௌரிக்குப் (Tauri) போகவும் பார்த்தேன். (வரதட்சணை இல்லை, ரஸ்டில் எழுதிய ஒரு கருவி.) குரோமியத்தைச் சுமக்காமல் விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் வெப்கிட் என்று இருப்பதை வைத்துக்கொள்ளும், ஆப் சில எம்பியில் முடிந்துவிடும். ஆனால் அங்கே அங்கே இருக்கிற பிரவுசரை நம்பினால் அங்கே அங்கே ஒரு வித்தியாசம் முளைக்கும். லினக்ஸில் ஒரு மாதிரி, விண்டோஸில் ஒரு மாதிரி. அண்ணாச்சிக்கு லினக்ஸ் தேவையில்லை என்பதால் அடுத்த பதிப்பை அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே கணக்குப் பார்க்கிற அறையில் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அது விண்டோஸ் 7. குரோமியம் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டதால் எலெக்ட்ரானும் 2023 பிப்ரவரியில் 23-ஆம் பதிப்போடு கைவிட்டுவிட்டது. அதற்காக 22-இலேயே தேங்கி நிற்க எனக்கு மனமில்லை. அங்கே இன்னும் விபி 6-தான் ஓடுகிறது. விண்டோஸ் 11 போட்டாலும் அது ஓடும்.

முன் கம்ப்யூட்டரில் இப்போது பன்னிரண்டு விநாடி ஆகிறது. அண்ணாச்சி காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கம்ப்யூட்டரை ஆன் செய்து என் ஐகானை இரண்டு தட்டு தட்டிவிட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தப் போய்விடுகிறார். திரும்பி வந்து உட்காரும்போது பில் திரை தயாராக இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற பழசின் ஐகானை அழித்துவிடலாமா என்று போன வாரம் கேட்டேன்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி” என்றார்.