நாம் கொடுத்தனவும் சுகோய் கெடுத்தனவும்

தஞ்சாவூரில் புதுக்கோட்டை ரோட்டுப் பக்கம் குடியிருப்பவர்களை எந்தக் கல்யாண வீட்டிலும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். பேசிக்கொண்டே இருப்பார்கள், பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார்கள். பத்து விநாடி வானத்தைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்தில், விட்ட வேற்றுமை உருபிலிருந்தே ஆரம்பிப்பார்கள். விமானப்படைத் தளத்துச் சுகோய் போர் விமானங்கள் தந்த பழக்கம். எதிரில் இருப்பவர் அந்தப் பத்து விநாடியும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பார். (தலையாட்டி பொம்மைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். வேறெப்படி இருப்பார்கள்?)

இடம்: ஒரு மொட்டை மாடி. சாயங்காலம் நாலு மணி. கைப்பிடிச் சுவரில் இரண்டு டீ கிளாஸ். ஒருவர் ஓய்வு பெற்ற தமிழய்யா. இன்னொருவர் அவரிடம் எட்டாம் வகுப்பு படித்த கொத்தனார்.

கொத்தனார்: (டேப்பைச் சுருட்டியபடி) நீளம் 30, அகலம் 20. ஆக 600 சதுரடிங்கய்யா. படியை வெளிப்பக்கமா விட்டுட்டா வாடகைக்கு விடத் தோதா இருக்கும்.

தமிழய்யா: அதெல்லாம் இருக்கட்டும். சதுரடி என்ன ரேட்டு?

கொத்தனார்: உங்ககிட்டப் போயி ரேட்டுப் பேசுறதாங்கய்யா? எழுத்தறிவித்தவன் இறைவன். 2,100 போட்டுக்குங்க.

தமிழய்யா: இறைவனுக்கே 2,100-ஆ? எழுத்தை நான் அறிவிச்சேன், சரி. நீ எங்கடா அறிஞ்சுக்கிட்டே? "புரிஞ்சுதா"ன்னு கேட்டாத் தலையாட்டுவே. "புரியலையா"ன்னு கேட்டாலும் தலையாட்டுவே.

கொத்தனார்: அது ஒரு மரியாதைங்கய்யா. அப்புறம் இந்தக் கம்பி விலை இருக்கு பாருங்க, போன மாசத்துக்கு இந்த மாசம்…

(தெற்கிலிருந்து கிளம்புகிறது. முதலில் ஒரு உறுமல், பிறகு வானத்தையே துணி மாதிரி கிழிக்கும் சத்தம். டீ கிளாஸ் இரண்டும் சுவர்மேல் ஒரு விரற்கடை நகர்கின்றன. கொத்தனாரின் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. விரல்களால் ஏதோ காட்டுகிறார். ஐயா வழக்கம்போல் தலையாட்டுகிறார்.)

கொத்தனார்: …அப்ப 2,250. முடிஞ்சுதுங்கய்யா, மகராசனா இருங்க.

தமிழய்யா: எது முடிஞ்சுது? இப்பத்தானே 2,100-ன்னே?

கொத்தனார்: அது ப்ளேன் வர்றதுக்கு முந்தி. கம்பி விலையை எடுத்துச் சொன்னேன், 2,250 ஆகும்னேன், நீங்களும் தலையாட்டுனீங்க. மூணு தடவை.

தமிழய்யா: டேய், சத்தம் வந்தாத் தலையாட்டுறது இந்த ஏரியாவோட வியாதிடா! நேத்து ஒருத்தன் கேஸ் அடுப்பு சர்வீஸ்னு வந்தான். சுகோய் போச்சு, தலையாட்டினேன், அடுப்பைக் கழட்டி வச்சுட்டான்.

கொத்தனார்: பேச்சு மாறலாம், தலை மாறக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க.

தமிழய்யா: நான் சொல்லவே இல்லை.

கொத்தனார்: அப்ப அன்னிக்கும் நான் சரியாக் கேக்கலை போல. சரி, அது கெடக்கட்டும். இந்தப் பூச்சு வேலை யாரு பாத்தது? சுவரெல்லாம் விரிசல்.

தமிழய்யா: நீதான்.

கொத்தனார்: (சுவரைத் தடவி) …நல்ல பூச்சுங்கய்யா. ப்ளேன் அதிர்வுதான் காரணம்.

தமிழய்யா: வேற ஊருல கொத்தனாருங்க வெயிலைச் சொல்லுவான், தண்ணியைச் சொல்லுவான். உங்களுக்கு 2013-ல விமானப்படைத் தளம்னு அரசாங்கமே ஒரு சாக்கு தொறந்து குடுத்திருக்கு.

கொத்தனார்: ஐயா, ஒரு நாளு வெடி போட்ட மாதிரி டமார்னு கேட்டுச்சே, ஜன்னலெல்லாம் ஆடி, தெருவே வெளிய ஓடி வந்துச்சே. அப்ப விட்ட விரிசல்தான் இது.

தமிழய்யா: அது ஒலியை விட வேகமாப் போனா வர்ற வெடிச்சத்தம். ஜன்னல் ஆடும், ஒத்துக்கறேன். இந்த விரிசல் அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி. இதுக்குள்ள ஒரு பல்லிக் குடும்பம் பேரன் பேத்தி எடுத்துருச்சு. ஆமா, பெரிய கோயில் விமானம் ஏன் விரிசல் விடல? அதுக்கு மேலயும்தானே பறக்குது?

கொத்தனார்: அது வேற பூச்சுங்கய்யா.

தமிழய்யா: அதுல பூச்சே கிடையாதுடா! சாந்து இல்லாம கல்லுக்குக் கல்லு கவ்விக்கிட்டு நிக்குது. 216 அடி. 1010-ல முடிச்ச வேலை.

கொத்தனார்: (நெஞ்சை நிமிர்த்தி) எங்க ஆளுங்க வேலைங்கய்யா அது. நிழலே கீழ விழாம கட்டுனவங்க.

தமிழய்யா: விழும்டா. அந்த நிழல்ல உக்காந்து முப்பது வருஷம் கடலை தின்னுருக்கேன். கோயிலுக்குப் பக்கத்துலதானே எங்க பூர்வீக வீடு?

கொத்தனார்: அதை ஏன் விட்டுட்டு வந்தீங்க? டூரிஸ்டு வர்ற இடம். ஒரு மாடி எடுத்திருந்தா காசு கொட்டுமே.

தமிழய்யா: எடுக்க விட்டாத்தானே? பாதுகாக்கப்பட்ட சின்னத்துலேர்ந்து 100 மீட்டருக்குப் புதுசா ஒரு செங்கல் வைக்கக்கூடாது. அதுக்கு அப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் வைக்கணும். 2010-ல சட்டத் திருத்தம். ஆயிரமாவது வருஷம் கொண்டாடுன அதே வருஷம். ஊரே ராஜராஜனுக்கு விழா எடுக்குது, நான் ஒழுகுற ஓட்டுக்கு அடியில பக்கெட் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

கொத்தனார்: சரி, அவரு வம்பே வேண்டாம்னு இங்க வந்தீங்களாக்கும்.

தமிழய்யா: வந்தேன். வந்து மாடின்னு வாயைத் தொறந்தேன். "ஓடுதளத்துக்குப் பக்கம், உயரத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்குங்க"ன்னுட்டாங்க.

கொத்தனார்: அடடா! அங்க ராஜராஜன் தோண்டாதேங்கிறாரு. இங்க சுகோய் எழும்பாதேங்குது.

தமிழய்யா: நான் வாங்குன பத்திரத்துல நாலு எல்லையும் தெளிவா எழுதிருக்கான். மேல எல்லை, கீழ எல்லை யாரும் எழுதலடா. நல்லவேளை, போன வாரம் சான்று வந்துருச்சு. ஒரு மாடிதான். அதுக்கு மேல ஒரு கொசுவலை கூட கட்டக்கூடாதுன்னு எங்க வீட்டுல அவளே சட்டம் போட்டுட்டா.

கொத்தனார்: (குரலைத் தாழ்த்தி) ஐயா, ஒரு ரகசியம் சொல்றேன். சுகோய் எவ்வளவு நீளம் தெரியுமா? 72 அடி.

தமிழய்யா: ஏறக்குறைய 22 மீட்டர். ஆமா, 72 வரும்.

கொத்தனார்: மூணு சுகோயை ஒண்ணு மேல ஒண்ணு நட்டமா நிறுத்துங்க. எழுபத்திரண்டு மூணு எவ்வளவு?

தமிழய்யா: 216… (திடுக்கிட்டு) அட!

கொத்தனார்: பாத்தீங்களா? ராஜராஜன் ஏதோ கணக்கு வச்சிருந்திருக்காரு.

தமிழய்யா: ஒரு கணக்கும் வைக்கல. தற்செயல்டா அது. தயவுசெஞ்சு இதை வாட்ஸாப்ல போட்டுராதே.

கொத்தனார்: காலைலயே போட்டுட்டேங்கய்யா. நம்ம சித்தாள் குரூப்ல. மத்தியானமே எனக்கே திரும்பி வந்துருச்சு, நாசா சொன்னதா.

(இருவரும் டீ குடிக்கிறார்கள். ஆறிப்போயிருக்கிறது. இந்தப் பக்கத்தில் சூடான டீ குடிக்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் போட வேண்டும்.)

கொத்தனார்: ஏங்கய்யா, இந்தப் படைக்கு ஒரு பேரு இருக்காமே?

தமிழய்யா: 222-ஆவது ஸ்குவாட்ரன். டைகர்ஷார்க்ஸ்.

கொத்தனார்: டைகர்னா புலி. நம்ம சோழன் கொடி! சரியாத்தான் வச்சிருக்கான். ஷார்க்கு எதுக்கு? தஞ்சாவூருல ஏது சுறா? சுறாப்புட்டுக்கே நாகப்பட்டினத்துலேர்ந்து வரணும்.

தமிழய்யா: கடல்ல நிக்கிற கப்பலை இங்கேருந்து போய் அடிக்கத்தான் அந்தப் படை. பிரம்மோஸ் ஏவுகணை தூக்கிக்கிட்டுப் போகும். அது ஒண்ணே ரெண்டரை டன்.

கொத்தனார்: தஞ்சாவூருலேர்ந்து கெளம்பி கடல் தாண்டிப் போய் அடிக்கிறதா? அது ராஜேந்திரன் வேலையாச்சே!

தமிழய்யா: 1025-ல ஸ்ரீவிஜயம் வரைக்கும் போனான். ஆனா அவன் போனப்ப இவ்வளவு சத்தமில்லை. கப்பல்ல போனான்.

கொத்தனார்: குடமுழுக்கு வருஷந்தானே இதுங்க வந்துச்சு?

தமிழய்யா: அதே வருஷம். 2020 ஜனவரி 20 படை வந்துச்சு. பிப்ரவரி 5 குடமுழுக்கு. 23 வருஷம் கழிச்சு நடக்குது, ஊரு கொள்ளலை. கலசத்துல தண்ணி விடுற நேரத்துல எல்லாரும் கருடன் வருதான்னு அண்ணாந்து பாப்பாங்கல்ல? எனக்குப் பக்கத்துல நின்ன ஒரு பாட்டி, "தம்பி, இன்னிக்குக் கருடன் வருமா, அது வருமா?"ன்னு கேட்டுச்சு.

கொத்தனார்: எது வந்துச்சு?

தமிழய்யா: பாட்டிதான் என் மேல வந்து விழுந்துச்சு, கூட்டத்துல. நான் ஒண்ணையும் பாக்கல.

கொத்தனார்: அதுசரிங்கய்யா, இந்த எம்.சாண்டு வந்து…

(மறுபடியும். டீ கிளாஸ் இன்னொரு விரற்கடை. ஐயா இந்த முறை உஷார். கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சத்தம் தேய்கிறது. "போயிருச்சு" என்று கையை எடுக்கிறார். சுகோய் தனியாகக் கிளம்புவது அபூர்வம், ஜோடிதான் என்பதை மறந்துவிட்டார். இரண்டாவது வருகிறது. கொத்தனாரின் வாய் அவசரமாக அசைகிறது. ஐயாவின் தலை ஆடுகிறது.)

கொத்தனார்: 2,400. ரொம்ப சந்தோஷங்கய்யா.

தமிழய்யா: அடப்பாவி! ஜோடிப் ப்ளேனை வச்சு வியாபாரம் பண்றியா?

கொத்தனார்: நான் என்னங்கய்யா பண்றது, நான் வாயைத் தொறக்குறப்பல்லாம் அது வருது.

தமிழய்யா: 600 சதுரடிக்கு 2,100-ன்னா 12,60,000. 2,400-ன்னா 14,40,000. டீ ஆறுறதுக்குள்ள 1,80,000 ஏத்திட்டே. இது என் பணம் மட்டும் இல்லடா. பாதி எங்க அக்கா தர்றா.

கொத்தனார்: அக்கா தர்றாங்களா! அப்ப அவங்க பேரையும் சுவத்துல போடணுமே.

தமிழய்யா: அதைத்தான் அவளும் கேக்குறா. ராஜராஜனே போட்டான். "நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்." இதை ஒரு நாள் பெருமையா அவகிட்டச் சொல்லித் தொலைச்சேன். இப்ப கிரானைட்டுல வேணுங்கிறா.

கொத்தனார்: ஐயா, கட்டுனவன் பேரு?

தமிழய்யா: அதுவும் வெட்டிருக்கான். வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்.

கொத்தனார்: (கண் கலங்கி) கொத்தனாரு பேரை ராஜாவே வெட்டிருக்காரு… இங்க நான் கட்டுன வீட்டுல எல்லாம் பெயிண்ட் கம்பெனிக்காரன் பேருதாங்கய்யா நிக்குது.

தமிழய்யா: உன் பேரையும் போட்டுருவோம்டா. அந்த விரிசலுக்குப் பக்கத்துலயே போடுவோம்.

கொத்தனார்: பரவால்லைங்கய்யா, விடுங்க.

(ஐயா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுக்கிறார். தெற்கே ஒருமுறை காதைக் கொடுத்துக் கேட்கிறார். எழுத ஆரம்பிக்கிறார்.)

கொத்தனார்: என்னங்கய்யா எழுதுறீங்க?

தமிழய்யா: கல்வெட்டு. நம்ம ஒப்பந்தம். நாளைக்கு நீ ஒண்ணு, நான் ஒண்ணு சொல்லக்கூடாது பாரு.

கொத்தனார்: சதுரடி 2,400-ன்னு எழுதியாச்சா?

தமிழய்யா: எழுதினதை வாசிக்கிறேன், கேளு. எட்டாம் வகுப்புல கேட்ட மாதிரி கேக்காதே.

கொத்தனார்: கவனமாக் கேக்குறேங்கய்யா, வாசிங்க.

தமிழய்யா: இரு, இரு. அவசரப்படாதே. கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

(துடைக்கிறார். இந்தக் கண்ணாடியை இவ்வளவு நேரம் யாரும் துடைத்ததில்லை. உறுமல் கேட்கிறது. ஐயா சட்டென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பறைக் குரலில், நோட்டை உயர்த்திப் பிடித்து, முதல் வரியிலிருந்து நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார். ஒரு பக்கம் முடிகிறது. தாளைத் திருப்புகிறார். இரண்டாவது சுகோயும் வருகிறது. கொத்தனார் ஐயாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், முகத்தில் எட்டாம் வகுப்புக் களை. தலை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது.)

தமிழய்யா: (சத்தம் அடங்கியதும், நோட்டையும் பேனாவையும் நீட்டி) நாலு தடவை ஆட்டினே. எண்ணிட்டேன். இங்க ஒரு கையெழுத்து.