கரண்ட் போனா அலாரமும் சேர்ந்து சாகுதுன்னா அது எதுக்கு?

ஐஸ் கம்பெனி, இறால் கோல்டு ஸ்டோரேஜ்... ராமநாதபுரம் கடற்கரையில மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் இதே கூத்துதான். கணக்கும் டெம்பரேச்சர் பதிவும் ஓடுற அதே ஒத்தை சர்வர்ல புரோமீதியஸ் (சர்வரை அளந்து பார்க்கிற சாஃப்ட்வேர்), அலர்ட்மேனேஜர் (அது சொல்ற அலர்ட்டை நமக்கு அனுப்புறது) ரெண்டையும் ஏத்திட்டு, "மானிட்டரிங் ரெடி சார்"னு பில்லை நீட்டுறாங்க. ராத்திரி கரண்ட் போகும். யூபிஎஸ் தீரும். சர்வர் படுக்கும், கூடவே அலாரமும் படுக்கும். மெசேஜ் எதுவும் வரலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னுதான் முதலாளி நினைப்பார். மைனஸ் 18 டிகிரியில இருக்க வேண்டிய சரக்கு உள்ள இளகிட்டு இருக்கும்.

கண்காணிக்கிறது வெளியூர்ல, வேற மெஷின்ல இருக்கணும். இங்க பாதி கனெக்‌ஷன்ல பப்ளிக் ஐபி (வெளியில இருந்து கூப்பிடுற இன்டர்நெட் விலாசம்) கிடையாது, வெளியில இருந்து உள்ள எட்டிப் பார்க்க முடியாது. அதனால உள்ள இருக்கிற சர்வர்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை "உயிரோட இருக்கேன்"னு வெளிய சொல்லணும். அஞ்சு நிமிஷம் சத்தம் வரலன்னா வெளிய இருக்கிறவன் போன் அடிக்கணும். புரோமீதியஸ்ல எப்பவும் அலர்ட் அடிச்சிட்டே இருக்கிற ரூல் ஒண்ணு போட்டு இதைச் செய்யலாம். ஆனா அலர்ட்மேனேஜர் ஒரே அலர்ட்டைத் திரும்ப அனுப்புற இடைவெளி டீஃபால்ட்டா 4 மணி நேரம். அதை 1 நிமிஷமாக்கினா மட்டும் போதாது. குரூப் இன்டர்வெல்னு (ஒரு அலர்ட் கூட்டத்துக்கு அடுத்த மெசேஜ் போக விடுற இடைவெளி) இன்னொண்ணு 5 நிமிஷத்துல இருக்கும், அதையும் இறக்கணும். இதைப் பார்க்காம விட்டுட்டு "டூல் சரியில்ல"ங்கிறாங்க!

அடுத்த கொடுமை, அலர்ட் மழை. வாடைக் காத்துல நெட் ரெண்டு நிமிஷம் போய் வந்தாலே போன் கத்தும். ரூல்ல "ஃபார் 5 நிமிஷம்"னு, அதாவது கோளாறு அஞ்சு நிமிஷம் நீடிச்சாத்தான் கத்துன்னு, ஒரு வரி சேர்த்தா தீர்ற விஷயம். சேர்க்க மாட்டாங்க. நாலு நாள்ல மேனேஜர் அலர்ட் வர்ற மெசேஜ் குரூப்பை மியூட்ல போட்டுடுவார், அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. நெட் அடிக்கடி விட்டு விட்டு வந்தா லேன் கேபிள் முனையையும் பாருங்க. உப்புக் காத்து அந்தப் பின்னைப் பச்சையா அரிச்சிருக்கும்.

சர்வர் பிங் ஆகுது ("இருக்கியா"ன்னு நெட்ல கேட்டா பதில் வருது), அதனால எல்லாம் ஓடுதுன்னு நம்புறது இன்னொண்ணு. டேட்டாபேஸ் தொங்கிப் போனாலும் பிங் பதில் சொல்லும். லாகின் பக்கம் திறக்குதா, அதுல இருக்க வேண்டிய வார்த்தை இருக்கான்னு சோதிக்கணும். மெயில் அலர்ட் வச்சா மெயில் வெளிய போற வாசலா (போர்ட்) 587 போடுங்க, 25-ஐ நிறைய கிளவுட் கம்பெனிங்க அடைச்சு வச்சிருக்காங்க. ஈமெயில்ல "சரியாயிடுச்சு"ங்கிற தகவலும் டீஃபால்ட்டா வராது, நாமதான் ஆன் பண்ணணும்.

எல்லாத்தையும் விட வயிறு எரியுறது மீன்பிடித் தடைக்காலத்துல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, கம்ப்ரெசரை நிறுத்துவாங்க. அலர்ட் தொல்லைன்னு அலர்ட்மேனேஜர்ல சைலன்ஸ் (குறிப்பிட்ட தேதி வரைக்கும் அலர்ட் வராம நிறுத்துறது) போட்டு முடிவுத் தேதி ஜூன் 30-ன்னு அடிச்சு விடுவாங்க. படகு சரக்கோட கரைக்கு வர்ற அன்னைக்கு அலாரத்துக்கு வாயைக் கட்டியிருக்கும்! ஜூன் 12-க்குள்ள முடியுற மாதிரி போட்டா என்ன குறைஞ்சிடும்?

முதலாளிமார்களே, பில்லுக்குப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி அவங்க கண்ணு முன்னாலயே சர்வரை ஷட்டவுன் பண்ணச் சொல்லி பிளக்கைப் பிடுங்குங்க. பத்து நிமிஷத்துல உங்க போன் அடிக்கலன்னா ஒரு பைசா கொடுக்காதீங்க.