தக்காளியைக் கொட்டியவருக்குப் பாடம் எடுக்க வந்தவருக்கு

அந்த ஒரு நிமிடக் காணொளியை நேற்று இரவுக்குள் ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். விலை விழுந்ததால் விவசாயிகள் சாலையோரம் கொட்டிய தக்காளிக்கு நடுவே, வெள்ளைக் காலணி சிவந்துவிடாதபடி பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நின்றுகொண்டு, "பொருளாதாரத்தின் முதல் பாடமே விலையைக் குறைத்தால் விற்பனை கூடும் என்பதுதான், அதுகூடத் தெரியாததால்தான் இவர்கள் கொட்டுகிறார்கள்" என்று ஒருவர் சிரித்தபடி பேசுகிறாரே, அதுதான். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பதினொன்றாம் வகுப்புக்கு அந்த முதல் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பதால், "டீச்சர், சரியாகத்தானே சொல்கிறார்?" என்ற கேள்வியோடு அது என்னிடம் வந்து சேர்ந்தது.

சரியாகச் சொல்லவில்லை. கொட்டியவர் கணக்குத் தெரிந்துதான் கொட்டினார். கணக்குத் தெரியாதவர் நடுவில் நின்று பேசியவர்தான்.

தேவை விதி என்ன சொல்கிறது? மற்றவை மாறாதிருக்கும்போது, விலை குறைந்தால் வாங்கும் அளவு கூடும் என்கிறது. எவ்வளவு கூடும் என்று அது சொல்லவில்லை. விற்றவருடைய கையில் பணம் கூடும் என்று சத்தியமாகச் சொல்லவில்லை. எவ்வளவு கூடும் என்பதைச் சொல்வது நெகிழ்ச்சி என்கிற பாடம். காணொளிக்காரர் முதல் பாடம் முடிந்ததும் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார் போலும். தக்காளி விலை பாதியானால் நம் வீட்டில் இரண்டு மடங்கா செலவாகும்? ரசத்துக்கு இரண்டு என்றால் இரண்டுதான். ஒரு வாரம் தொக்கு கிளறுவோம், அவ்வளவே. மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் காபியில் பிழிந்து குடிப்பதில்லை. ஆகவே விலை பாதியாகும்போது விற்பனை கால் பங்கு கூடினாலே பெரிது. விளைச்சல் அமோகமாக இருக்கும் ஆண்டில் விவசாயியின் மொத்த வருமானம் குறைவது இதனால்தான். இதை நெகிழ்ச்சி குறைந்த தேவை என்று நாங்கள் கரும்பலகையில் ஏறக்குறைய செங்குத்தான கோடாக வரைகிறோம்.

அதைவிட வேடிக்கை, "விலையைக் குறைத்தால்" என்று அவர் சொல்கிற தோரணை. விலையை வைப்பவர் விவசாயி என்று அவருக்கு யார் சொன்னது? ஆயிரம் பேர் ஒரே மாதிரிச் சரக்கோடு வந்து நிற்கும் மண்டியில், ஏலத்தில் விழுந்ததுதான் விலை. நிறைவுப் போட்டி எனப்படும் இந்த மாதிரிச் சந்தையில் உற்பத்தியாளர் விலையை ஏற்பவர் என்று பாடநூலிலேயே இருக்கிறது. விலையைத் தீர்மானிப்பது தேவையா, அளிப்பா, அதாவது விற்பனைக்கு வரும் சரக்கா என்ற சண்டைக்கு, கத்தரிக்கோலின் எந்த அலகு தாளை வெட்டுகிறது என்று கேட்பீர்களா என 1890-இல் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் பதில் எழுதினார். காலையில் பறித்து இறக்கிய தக்காளிக்கு அன்றைய பொழுதுக்குள் அளிப்பை மாற்ற வழியே கிடையாது. அளிப்பு என்கிற அலகு நகராமல் நிற்க, அன்றைய விலையைத் தேவைதான் முடிவு செய்கிறது. மார்ஷலே இந்த மிகக் குறுகிய காலத்தை விளக்க மீன் சந்தையைத்தான் எடுத்துக்கொண்டார்.

என் அப்பா ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தக்காளி போட்டவர். நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, ஒரு நாள் மண்டியிலிருந்து அவர் கொண்டுவந்த சீட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நாற்பது பெட்டி, பெட்டி 20 ரூபாய், ஆக 800. அதில் கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று 80, வண்டி வாடகை பெட்டிக்கு எட்டு என்று 320, இறக்குகூலி 40. மீதி 360. வாசலில் பறிப்புக்கு வந்த எட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். தலைக்கு 50 என்றால் 400. அப்பா உள்ளே போய் அரிசிப் பானையிலிருந்து நாற்பது ரூபாய் எடுத்துவந்து சேர்த்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து ஆட்டுக்காரரை வரச்சொல்லி வயலில் ஆடுகளை விட்டார். செடியில் பழம் இன்னும் மூன்று பறிப்புக்கு இருந்தது. முந்தைய ஆண்டுதான் தேவை விதியைப் படித்திருந்த நான், "இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் விற்றிருக்கும் அல்லவா, இப்படியா வீணடிப்பது?" என்று அவரிடம் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. "நாத்துக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் போட்ட காசு அன்னைக்கே போயிருச்சு சாமி. இனிப் பறிக்கப் போடற காசாவது திரும்புமான்னுதான் பாக்கோணும்" என்றார். மாறாச் செலவு, மாறும் செலவு என்று பிரித்து, விலை சராசரி மாறும் செலவுக்குக் கீழே போனால் உற்பத்தியை நிறுத்து என்று சொல்லும் வரைபடத்தைக் கல்லூரியில் பார்த்தபோதுதான், அன்று காணொளிக்காரரின் இடத்தில் நான் நின்றிருந்தேன் என்பது உறைத்தது. எனக்கு அப்போது பதினேழு வயது என்று ஒரு சமாதானம் உண்டு. இவருக்கு என்ன சமாதானம் என்று தெரியவில்லை.

"அது வயலில் விட்டது, இவர்கள் சாலையில் அல்லவா கொட்டுகிறார்கள்" என்று ஒருவர் கேட்கலாம். ஏலம் முடிந்த பிறகுதான் அன்றைய விலை தெரியும் ஐயா. திருப்பிக் கொண்டுபோக இன்னொரு வாடகை வேண்டும். மறுநாளுக்குப் பெட்டி காலியாகவும் வேண்டும். "ஏழைகளுக்குச் சும்மா கொடுக்கலாமே, மனம் வேண்டாமா?" என்கிறவர்களுக்கு: கொட்டுவதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் ஒரு வண்டி வாடகை இருக்கிறது. மனம் உள்ளவர்கள் அதைக் கட்டிவிட்டு ஏற்றிக்கொண்டு போகலாம், யாரும் தடுக்கவில்லை. உழவர் சந்தை என்கிறார்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய நல்ல திட்டம், நான் வாராவாரம் போகிறேன். இரண்டு மூன்று பெட்டி போகும், நாற்பது போகாது. இடைத்தரகர்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்பவர்களுக்கு இன்றைக்கு என்னிடம் பொறுமை இல்லை.

"2023-இல் கோடி கோடியாகச் சம்பாதித்தார்களே, அப்போது இனித்ததா?" என்று காணொளிக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்ததுதான் எனக்குக் குத்தியது. அந்த ஜூலையில் கிலோ நூறைத் தாண்டி, மாதக் கடைசியில் இருநூறு வரை போனது உண்மைதான். பெரும்பாலானவரிடம் காய் இல்லாததால்தான் அந்த விலையே வந்தது. இல்லாத காயை யார் விற்றுச் சம்பாதித்தது? சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் அரசு அறுபது ரூபாய்க்கு விற்றது, நல்லது. அந்த விலையைப் பார்த்து ஊரெல்லாம் நாற்று நட்டது. நட்ட அறுபது எழுபது நாளில் எல்லாருடைய பழமும் ஒன்றாக மண்டிக்கு வந்தது. செப்டம்பரில் தென்னிந்திய மண்டிகள் பலவற்றில் கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே. சென்ற பருவத்து விலையைப் பார்த்து இந்தப் பருவத்தில் நடுவதால் விலை ஏறி இறங்கிச் சுழலும் இந்த ஆட்டத்துக்குச் சிலந்தி வலை என்று 1934-இலேயே நிக்கோலஸ் கால்டார் என்ற பொருளியல் அறிஞர் பெயர் வைத்துவிட்டார். இருநூறுக்குப் போனபோது தலைப்புச் செய்தி போட்டவர்கள், பத்துக்கு விழுந்தபோது எத்தனை பேர் கவனித்தீர்கள்? அறுபது ரூபாய்க் கடை விலை ஏறும்போது திறக்கிறது. விழும்போது திறக்கும் கடை எங்கே இருக்கிறது?

சொல்ல வேண்டாம் என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணொளிக்குக் கீழே, "செம சார், ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்றது" என்று எழுதி மூன்று சிரிப்புப் பொம்மை போட்டிருப்பவன் என் மாணவன். அவனுடைய அம்மா பறிப்பு வேலைக்குப் போய்த்தான் அவனைப் படிக்க வைத்தார். பொருளியலில் சென்டம் வாங்கியவன். அந்த ஆண்டு மாதிரித் தேர்வில் நெகிழ்ச்சி பற்றிய ஐந்து மதிப்பெண் கேள்விக்கு வரைபடத்தோடு விடை எழுதினான், நான் முழு மதிப்பெண் போட்டேன். உதாரணத்துக்கு, நெகிழ்ச்சி குறைந்த பொருளாக உப்பையும் கூடிய பொருளாகக் காரையும் எழுதியிருந்தான். நான் கரும்பலகையில் எழுதிப்போட்டவை அவைதான்.