'வென்ட்' வேறு வீட்டுப் பிள்ளை
ஆங்கிலத்தில் 'கோ' (go, போ) என்ற வினையின் இறந்தகாலம் 'வென்ட்' (went). 'கோ' தேய்ந்துதான் 'வென்ட்' ஆனது என்கிறது ஒரு கட்டுரை. ஓர் எழுத்துகூட ஒட்டாதபோது எப்படித் தேயும்? 'வெண்ட்' (wend) என்று தனி வினை ஒன்று உண்டு. திரும்பு, வழியே போ என்று பொருள். 'செண்ட்' (send, அனுப்பு) என்பது 'சென்ட்' (sent) ஆவதுபோல அதன் இறந்தகாலம்தான் 'வென்ட்'. பழைய ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு 'எயோடெ' என்ற இறந்தகால வடிவம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அதைத் தள்ளிவிட்டு 'வென்ட்' அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பறிகொடுத்த 'வெண்ட்', பாவம், 'வெண்டட்' (wended) என்று புதிதாக ஓர் இறந்தகாலத்தைத் தேடிக்கொண்டது. ஸ்காட்லாந்துப் பேச்சிலோ 'கோ'விலிருந்தே பிறந்த 'கேய்ட்' (gaed) என்ற இறந்தகாலம் உண்டு. குழந்தைகள் 'வென்ட்' என்பதற்குப் பதில் 'கோஎட்' (goed) என்பது சோம்பேறித்தனம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். இறந்தகாலத்துக்கு 'எட்' (-ed) சேர்க்கும் விதியைப் பிடித்துக்கொண்டதால் வரும் பிழை அது. என் மகளும் 'கோ, வென்ட், கான் (gone)' என்று ராகம் போட்டு ஒப்பித்த கையோடு 'ஐ கோஎட்' என்பாள்.