நெஞ்சு வலிக்கவில்லை, ஆனாலும் ஸ்ட்ரோக்

மகள் நீச்சல் பயிற்சிக்குப் போகிறாள். ஈரத் தலையோடு வண்டியில் ஏறியதும் முதல் பேச்சே, "அப்பா, என் ஸ்ட்ரோக் இப்ப நல்லா நீளமா வருதாம், கோச் சொன்னாங்க" என்பதுதான். அவள் அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை ஞாபகம் வந்துவிடுகிறது.

பெரியப்பா தண்ணீர் டம்ளரை எடுக்கப் போயிருக்கிறார். வலது கை விரல்கள் மூடவில்லை. டம்ளர் சரிந்து மேசையெல்லாம் தண்ணீர். ஏதோ சொல்ல வந்தார், குழறியது. பெரியம்மா எனக்குப் போன் செய்தார். "ஸ்ட்ரோக்கா இருக்கும், உடனே கிளம்புங்க" என்றேன். "நெஞ்சு வலிக்கவே இல்லைங்கறாரே, அப்புறம் எப்படிப்பா ஸ்ட்ரோக்?" என்றார். சற்று ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று படுக்கவைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் போய்விட்டது. பெரியப்பா இன்று இடது கையால்தான் கையெழுத்துப் போடுகிறார்.

பெரியம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 'ஹார்ட் ஸ்ட்ரோக்' என்று எத்தனை பேர் சாதாரணமாகச் சொல்கிறோம்! மாரடைப்பு இதயத்தின் பாடு. ஸ்ட்ரோக் மூளையின் பாடு: அங்கே ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும், அல்லது வெடித்து ரத்தம் கசியும். பக்கவாதம் என்ற நம் சொல்லும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. கை கால் ஒரு பக்கம் விழுந்தால்தான் அந்த நோய் என்று நினைத்துவிடுகிறோம். திடீரென்று பேச்சு மட்டும் குழறினால் அந்தச் சொல் வாயில் வருவதே இல்லை. ஹீட் ஸ்ட்ரோக் முற்றிலும் வேறு: உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி நினைவு தடுமாறுவது. அதற்கு முதல் வேலை உடம்பைக் குளிர்விப்பது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அடி என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்த நோயைக் கடவுளின் கை கொடுத்த அடி என்று எழுதியிருக்கிறார்கள். விளையாட்டிலோ அடிப்பது நாம். கோல்ஃபில் அடிக்க நினைத்து மட்டையை வீசினால், பந்தில் படாவிட்டாலும் அது ஒரு ஸ்ட்ரோக்காகக் கணக்கில் ஏறும். துடுப்புப் படகுப் போட்டியில் பின்முனையை ஒட்டி உட்கார்ந்து மற்றவர்களுக்கு வேகம் கொடுப்பவருக்கே ஸ்ட்ரோக் என்று பெயர்.

மருத்துவத்திலும் நல்ல ஸ்ட்ரோக் ஒன்று உண்டு. இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவை ஸ்ட்ரோக் வால்யூம் என்பார்கள். ஓய்வில் சுமார் 70 மில்லி. நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களுக்கு இது கூடுதல், அதனால்தான் அவர்களில் சிலருக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 40 முறை துடித்தாலே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் ஃபிட்டாக இருந்தால் ஸ்ட்ரோக் எட்டிப் பார்க்காது என்று நம்பிவிடக் கூடாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 19.32 விநாடியில் ஓடிய மைக்கேல் ஜான்சனுக்கு 2018-ல் மினி ஸ்ட்ரோக் வந்தது, அதுவும் உடற்பயிற்சி செய்த நாளில். அப்புறம் மருத்துவமனையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய அதே தூரம் நடக்க 15 நிமிடம் பிடித்ததாம். அவரே சொன்னது.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: உதவிக்கு அழைக்கும்போது 'ஸ்ட்ரோக்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்தாதீர்கள். வாய் கோணுகிறது, கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்று கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். கூடவே மணியையும் பாருங்கள். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதையும் போடுவார்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்தே அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது.

டாக்டர் முதலில் கேட்டதும் அந்த நேரத்தைத்தான். "டம்ளர் விழுந்தப்போ" என்றார் பெரியம்மா. கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. என் போனை எடுத்து, அவர் அழைத்த நேரத்தைத் தேடி டாக்டரிடம் காட்டினேன்: காலை 7:42.