புகை தெரியவில்லை என்றால் மாசு இல்லையா?

"எண்ணூர் வட்டார அனல் மின் நிலையப் புகைபோக்கிகளில் இப்போது கரும்புகையே வருவதில்லை, காற்று சுத்தமாகிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

கரும்புகை குறையக் காரணம் இ.எஸ்.பி. என்ற, மின்விசையால் தூசியை ஈர்த்துப் பிடிக்கும் கருவி. அது சாம்பல் தூளைத்தான் பிடிக்கும். நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் சல்ஃபர் டை ஆக்சைடுக்கு நிறமே கிடையாது. காற்றில் கலந்தபின் அதுவே சல்ஃபேட் நுண்துகளாக மாறி நுரையீரலுக்குள் இறங்குகிறது. அதைத் தடுக்க, புகையிலிருந்து கந்தக வாயுவை நீக்கும் எஃப்.ஜி.டி. என்ற தனி அமைப்பு வேண்டும். 2015 டிசம்பரில் ஒன்றிய அரசு இந்த வாயுவுக்கு வரம்பு விதித்தது. கெடுவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு எஃப்.ஜி.டி. பொருத்துவதிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். இது பெரும் அநியாயம்.

எண்ணூர் அருகே செப்பாக்கத்தில் அனல் மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் குளம் காய்ந்தால் பறக்கும் தூசியோ புகைபோக்கி வழியாக வருவதே இல்லை; அதனால் புகைபோக்கியைப் பார்த்து அதை அறிய முடியாது.