எல்லையில் டிரைவர் மாறுவது நேர விரயம் இல்லை

பேங்காக்கிலிருந்து மலேசியாவின் பட்டர்வொர்த்துக்கு நேரடி ரயில் மறுபடி வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே எங்கள் சுங்கை சிப்புட் கோப்பிக் கடைகளில் ஒரே கேள்விதான். "எல்லை நிலையம் பாடாங் பெசாரில் எதுக்கு நிக்கணும்? எதுக்கு இன்ஜினையும் ஆளையும் மாத்தணும்? ஒரே டிரைவர் நேரா ஓட்டிக்கிட்டு வந்தா என்ன?" 2016 வரை அந்த ரயில் பட்டர்வொர்த் வரை வந்தது. இப்போது பாடாங் பெசாரோடு நின்றுவிடுகிறது. மறுபடி வரட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் எல்லையில் ஆள் மாறுவதை வெட்டி வேலை என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அந்த நிறுத்தத்தை எடுப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தண்டவாள அகலம் ஒரு பிரச்சினையே இல்லை. மலேசியாவிலும் தாய்லாந்திலும் ஒரு மீட்டர்தான். பிரச்சினை பேச்சில் இருக்கிறது. சிக்னல் ஒழுங்காக வேலை செய்யும்வரை டிரைவர் யாரிடமும் பேசத் தேவையில்லை, பச்சை என்றால் போவார், சிவப்பு என்றால் நிற்பார். சிக்னல் பழுதானாலோ, தண்டவாளத்தில் மரம் விழுந்தாலோ, எதிர்ப்பாதையில் போகச் சொன்னாலோ, அப்போது உயிரைக் காப்பது ரேடியோவில் வரும் ஒரு குரல் மட்டும்தான். அந்தக் குரல் தாய்லாந்து மொழியிலும், கேட்கும் காது மலாய் மட்டும் தெரிந்ததாகவும் இருந்தால் என்ன செய்வது?

இது கற்பனை பயம் இல்லை. 2001 மார்ச் 27 அன்று பெல்ஜியத்தில் பெக்ரோ என்ற இடத்தில் நடந்தது. பயணிகள் இல்லாத ஒரு ரயில் வாவ்ர் நிலையத்தில் சிவப்பு சிக்னலைத் தாண்டித் தவறான பாதையில் கிளம்பிவிட்டது. எதிரே லூவென் பக்கத்திலிருந்து பயணிகள் ரயில் வந்துகொண்டிருந்தது. வாவ்ர் சிக்னல்காரர் நடந்ததைக் கவனித்து உடனே லூவெனுக்கு போன் போட்டார். அவர் பேசியது பிரெஞ்சு. அந்தப் பக்கம் எடுத்தவர் டச்சு பேசும் பெல்ஜியக்காரர். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லை. இரண்டு ரயில்களும் நேருக்கு நேர் மோதின, இரண்டு டிரைவர்கள் உட்பட எட்டுப் பேர் செத்துப்போனார்கள். ஆபத்து தெரிந்தது, போனும் கையில் இருந்தது, ஆள் உடனே கூப்பிடவும் செய்தார். அப்படியும் நடந்துவிட்டது. அதுவும் ஒரே நாட்டுக்குள், ஒரே ரயில்வேக்குள். அந்த எட்டுப் பேரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

விமானத்துறை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பாதையில் பறக்கும் விமானிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், அதற்குத் தேர்வும் உண்டு. ரயிலில் அப்படி ஒரு பொதுமொழி கிடையாது. எந்த நாட்டுத் தண்டவாளமோ அந்த நாட்டு மொழி. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் போட்ட சட்டப்படி, டிரைவருக்கு அந்தப் பாதையின் மொழி ஓரளவு சரளமாகப் பேசும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லையிலிருந்து பக்கத்து நிலையம் வரை மட்டும் ஓட்டுபவர்களுக்கு விலக்கு கொடுக்கலாம் என்று பிறகு 2016-இல் தளர்த்தினார்கள்.

இந்த விதியால் தொல்லையும் உண்டு. 2017 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராஸ்டாட்டில், கட்டிக்கொண்டிருந்த சுரங்கத்துக்கு மேலே தண்டவாளம் இறங்கிவிட்டது. ரைன் ஆற்றோரத்து முக்கியப் பாதை அக்டோபர் தொடக்கம் வரை மூடிக்கிடந்தது. பக்கத்திலேயே பிரான்சில் மாற்றுப் பாதை இருந்தும் தாராளமாகத் திருப்பிவிட முடியவில்லை. பிரெஞ்சு தெரிந்த டிரைவர்கள் போதவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. அதற்கப்புறம்தான் முன்கூட்டியே எழுதிவைத்த செய்திகளை இரண்டு மொழியிலும் மாற்றிச் சொல்லும் கருவியை ஆஸ்திரியா–இத்தாலி எல்லையில் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் பெக்ரோவில் இருந்ததோ சில நிமிடங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று நடக்கும்போது கருவி என்ன சொல்லும்? அதனால்தான் கருவியை மட்டும் நம்பி மொழிப் பயிற்சியைக் கைவிடக்கூடாது என்கிறேன்.

பழைய காலத்தில் நம் பாதைகளில் டோக்கன் இருந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் அடுத்த நிலையம் வரை போக டிரைவர் கையில் அந்த டோக்கன் இருக்க வேண்டும். ஒன்று வெளியே இருந்தால் இரண்டு நிலையத்து டோக்கன் பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும், இன்னொன்றை உருவ முடியாது. ஓடுகிற ரயிலுக்கு டோக்கன் மாட்டிய வளையத்தை நீட்டிய ஸ்டேஷன் மாஸ்டர்களில் நம் தமிழர்கள், குறிப்பாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், நிறையப் பேர். சிங்கப்பூரில் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரை இது நடந்தது. மொழியே தேவைப்படாத பாதுகாப்பு அது. இன்று ஈப்போவுக்கு வடக்கே, சிவப்பைத் தாண்டினால் ரயிலைத் தானாக நிறுத்தும் ஐரோப்பியக் கட்டுப்பாட்டு முறை போட்டிருக்கிறார்கள். மிகவும் நல்லது. ஆனால் அது பழுதாகும் நாளில் மறுபடி வாய்ப்பேச்சுதான்.

"நாம மலேசியக்காரங்க, எல்லா மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், சமாளிச்சுடலாம்" என்பார்கள். சந்தையில் சமாளிக்கலாம். தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். செம்பனைக்கு மருந்து கலக்கும் அளவை வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்வார், வங்காளதேசத்துத் தம்பி, நேப்பாளத் தம்பி எல்லாரும் தலையாட்டுவார்கள். நல்ல மண்டோர் அந்தத் தலையாட்டலை நம்பமாட்டார். "நீ இப்ப எனக்குச் சொல்லு, எத்தனை மூடி, எவ்வளவு தண்ணி" என்று கேட்டு வாங்குவார்.

ரயில் ரேடியோவில் வேண்டியதும் இதே ஒழுங்குதான். எந்த ரயில், எந்த இடம், என்ன அனுமதி என்று சிக்னல்காரர் சொல்ல வேண்டும். டிரைவர் அதை முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரிதான் என்று சிக்னல்காரர் உறுதி சொன்ன பிறகே சக்கரம் நகர வேண்டும். 15 என்பதை ஒன்று, ஐந்து என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சிவப்பைத் தாண்ட அனுமதி போன்றவற்றுக்கு ஐரோப்பாவில் எண் போட்ட படிவமே இருக்கிறது, டிரைவர் எழுதிக்கொண்டு வாசித்துக் காட்ட வேண்டும். "எனக்கு விளங்கவில்லை, நான் நகரமாட்டேன்" என்று சொல்லும் டிரைவரை, ரயில் தாமதமானதற்காக யாரும் திட்டக்கூடாது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. மேலதிகாரிக்குப் பயந்து புரிந்தமாதிரி நடிக்கிற பழக்கம் நம் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது.

எல்லை தாண்டும் ஜொகூர் பாரு–சிங்கப்பூர் ஆர்டிஎஸ் ரயில் விஷயம் வேறு. அது நாலு கிலோமீட்டர், ஓட்டுவது ஒரே நிறுவனம். பாடாங் பெசாரில் இரண்டு ரயில்வே, இரண்டு மொழி, இரண்டு எழுத்து. இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையத்தில் இருக்கிற மாதிரி, இரண்டு நாட்டு டிரைவர்களும் சிக்னல்காரர்களும் அங்கேயே ஒன்றாக உட்கார்ந்து பயிற்சி எடுக்கட்டும். பதிவான ரேடியோ உரையாடல்களைப் போட்டுக் கேட்டு எங்கே குழப்பம் வந்தது என்று பார்க்கட்டும். அதெல்லாம் முடிந்து தேறிய பிறகு ஒரே டிரைவர் ஓட்டட்டும், முதல் ஆளாக நான் டிக்கெட் எடுக்கிறேன். அதுவரை அந்த ரயில் எல்லையில் நின்று ஆள் மாற்றிக்கொண்டு வரட்டும்.

ரயில்வேயில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதைப் படித்தால், இப்போது ரேடியோவில் திருப்பிச் சொல்லும் முறை உங்கள் பக்கத்தில் எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். தாய்லாந்துப் பக்கத்து ஆட்களோடு பேசிய அனுபவம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.